பேசிப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு

பத்தொன்பது வயது மகன் தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டான். தெரிந்தவர் ஒருவர் மூலம் கிடைத்த ஆலோசகர், மருந்தோ ஊசியோ இல்லாமல் வெறும் பேச்சாலேயே ஆறு மாதத்தில் அதை மாற்றிவிடலாம் என்கிறார். இரண்டு அமர்வுகள் முடிந்தன. மூன்றாவதற்கு வர அவன் மறுக்கிறான். பலன் கிடைக்காவிட்டாலும் பேசிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே, அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். இந்தச் சிகிச்சை பலிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. பலிக்காமல் போகலாம் என்பதை அரைமனத்தோடு ஏற்றுக்கொண்டுதான் எழுதியிருக்கிறீர்கள். பலிக்காவிட்டாலும் கெடுதல் செய்யாத ஒன்றா இது என்பதே உங்கள் கேள்வி. கெடுதல் செய்யும் என்பதே என் பதில். ஆகவே சம்மதிக்க வைக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் மருத்துவ உளவியலில் பயிற்சி பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனநல ஆலோசனை அளித்துவருகிறேன். இத்தகைய சிகிச்சைகளுக்குப் போய்விட்டு, பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர். இதில் ஒரு குறை இருப்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்: அடிபட்டவர்கள்தான் என்னைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள், அடிபடாதவர்கள் வருவதில்லை. எனவே என் அறையில் நான் கண்டதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இப்படித்தான் நேரும் என்று சொன்னால் அது நேர்மையாகாது. நான் கண்டதை ஆய்வுகள் சொல்வதோடு ஒப்பிட்டுத்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் வழங்கும் 'கன்வர்ஷன் தெரபி' என்ற பெயரையே இங்கும் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் 'மாற்று சிகிச்சை' என்று எழுதினால் மாற்று மருத்துவத்தோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. செய்பவர் மருத்துவரா, ஆலோசகரா, சமயப் போதகரா என்பதையோ, கருவி பேச்சா, மருந்தா, மின்சாரமா என்பதையோ பொறுத்து இந்தப் பெயர் அமைவதில்லை. ஒருவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற வேண்டும், அல்லது அடக்க வேண்டும் என்ற முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு தொடங்கும் எந்த முயற்சியும் இதில் அடங்கும். உங்கள் ஆலோசகர் முதல் நாளிலேயே முடிவையும் கெடுவையும் சொல்லிவிட்டார் என்பதால், அவர் எந்தப் பெயரில் அதை நடத்தினாலும் அது இதுதான்.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தன் பாலினத்தவர்மீதே ஏற்படும் ஈர்ப்பு, அதாவது தன்பாலீர்ப்பு, ஒரு நோய் இல்லை. இது அண்மையில் தோன்றிய நாகரிகக் கருத்து என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இதன் பின்னால் நீண்ட விவாதம் இருக்கிறது. பெற்றோர் ஒருவர் எழுதிய கடிதத்துக்கு 1935ஆம் ஆண்டில் பதில் எழுதிய உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டே இதை நோய் என்று வகைப்படுத்த முடியாது என்றும், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றும் குறிப்பிட்டார். 1957இல் எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, ஆனால் அன்றைய நம்பிக்கையை ஆட்டிவைத்தது. தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் எதிர்பாலீர்ப்புள்ள 30 ஆண்களையும் வயது, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றில் ஒத்துவரும்படி தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு உளவியல் சோதனைகளை நடத்தி, பெயரோ அடையாளமோ இல்லாத அந்த முடிவுகளை அத்துறையின் வல்லுநர்களிடம் கொடுத்தார். யார் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை வல்லுநர்களால் பிரித்தறிய முடியவில்லை. மனநோய் என்று அழைக்கப்பட்ட ஒன்று, மனநோயைக் கண்டறிவதற்கென்றே பயின்றவர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 டிசம்பரில் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று ஏற்கப்பட்ட தன் பத்தாவது வகைப்பாட்டில் அதை நீக்கியது. தன் ஈர்ப்பைக் குறித்து ஒருவர் துயரப்படுவதையே தனி நோயாகக் காட்டிய எச்சப் பிரிவும் 2019இல் ஏற்கப்பட்ட பதினோராவது வகைப்பாட்டில் இல்லாமல் போயிற்று. ஆக, இன்று ஓர் ஆலோசகர் இதைக் குணப்படுத்துகிறேன் என்று சொன்னால், எந்த நோய்க்கு என்று கேட்டால் அவரால் காட்டக்கூடிய பெயர் எதுவும் பட்டியலில் இல்லை.

இரண்டாவது உறுதியான செய்தி, மாற்றும் முயற்சிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கின்றன, முயலாத வழி ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்ரெங்க்-நோட்சிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஹிப்னாடிசத்தாலும், நோயாளிகளைப் பாலியல் தொழிலாளர்களிடம் அனுப்பியும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். வியன்னாவின் உடலியலாளர் ஸ்டைனாக், பிறருடைய விந்தகத் திசுவை அறுவை மூலம் பொருத்தும் முறையை முயன்றார். 1950களிலும் 60களிலும் வாந்தியைத் தூண்டும் ஆபோமார்ஃபின் ஊசியைப் போட்டு ஆண்களின் படங்களைக் காட்டுவதும், படம் தெரியும்போது மின்னதிர்ச்சி கொடுப்பதும் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் நடந்தன. 1962இல் பிரிட்டனில் இளம் ராணுவ அதிகாரி ஒருவர் இந்த ஊசிச் சிகிச்சையின்போது இறந்தே போனார். கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டியூரிங்குக்குத் தன்பாலுறவுக்காக 1952இல் நீதிமன்றத் தண்டனையாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொடுக்கப்பட்டது பலருக்கும் தெரிந்திருக்கும். அது ஈர்ப்பின் திசையை மாற்றவில்லை, ஆசையின் அளவை மட்டும் குறைத்தது. (இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கடுமையான மனச்சோர்வுக்கு இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்னதிர்வு சிகிச்சை வேறு. அது பயனுள்ள மருத்துவம். படத்தைக் காட்டி வலியைக் கொடுத்து வெறுப்பை ஊட்டிய பழைய முறையோடு அதைக் குழப்பிக்கொண்டு, தேவைப்படுபவர் அதற்கு அஞ்சக் கூடாது.) இந்த வரிசையில் எனக்கு மதிப்புக்குரியவர் பிராகில் பணியாற்றிய மருத்துவர் குர்ட் ஃப்ராய்ண்ட். அவரும் வாந்தி ஊசிகளைப் போட்டவர்தான். ஆனால் சிகிச்சை பெற்றவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, மாற்றம் நிலைக்கவில்லை என்பதைத் தானே கண்டு, அந்த முறையைக் கைவிட்டு, செக்கோஸ்லோவாக்கியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்க வேண்டும் என்று வாதாடினார். 1961இல் அந்தச் சட்டம் மாறியது.

அவையெல்லாம் கொடுமையான முறைகள், எங்கள் ஆலோசகர் பேசத்தானே செய்கிறார் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, பேச்சுக்கு வருவோம். பேச்சு முறைக்கும் ஒரு கோட்பாடு வேண்டும். அந்தக் கோட்பாடு பெரும்பாலும் 1962இல் நியூயார்க்கின் மனநல மருத்துவர் இர்விங் பீபரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய நூலிலிருந்து இறங்கி வருகிறது. தாய் அளவுக்கு மீறி நெருங்கியிருந்தாள், தந்தை விலகியிருந்தார், அதனால் மகன் இப்படி ஆனான் என்பது அதன் சாரம். சிகிச்சை பெற்ற 106 ஆண்களில் 27 சதவீதம் பேர் முழுவதுமாக மாறியதாக அவர்கள் எழுதினார்கள். ஆனால் அந்தத் தகவல்களைக் கொடுத்தவர்கள் சிகிச்சை அளித்த மருத்துவர்களே. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சிகிச்சை பெறாத குழு எதுவும் வைக்கப்படவில்லை. கோட்பாடு பிற்காலச் சோதனைகளில் நிற்கவில்லை, ஆனால் ஆலோசனை அறைகளிலிருந்து வெளியேறவும் இல்லை. உங்கள் மகனிடம் அந்த இரண்டு அமர்வுகளில் உங்களைப் பற்றியும் உங்கள் துணைவரைப் பற்றியும் எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டன என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறையில் பெற்றோர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படாமல் சிகிச்சை நகராது. பிள்ளையை மாற்றித் தருமாறு பணம் கட்டும் பெற்றோரையே காரணமாகக் காட்டி, பிள்ளையின் குழந்தைப் பருவம் முழுவதையும் காயமாக மீண்டும் எழுதவைப்பது இதன் அன்றாட வேலை. அப்படி எழுதப்பட்ட நினைவுகளோடு என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு, தந்தையோடு இருந்த சாதாரணமான, நல்ல உறவை மீட்டெடுப்பதற்கே பல மாதங்கள் பிடித்தன.

பலித்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்களே என்ற கேள்விக்கு ராபர்ட் ஸ்பிட்சரின் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்குவதற்கு முன்னின்று உழைத்த மனநல மருத்துவர் அவர். ஆகவே தன்பாலீர்ப்பாளர்கள்மீது பகை கொண்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. மாறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் 200 பேரைத் தொலைபேசியில் நேர்காணல் செய்து, ஊக்கம் மிகுந்த சிலருக்கு மாற்றம் சாத்தியப்படலாம் என்று 2003இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உலகம் முழுவதும் கன்வர்ஷன் தெரபி செய்பவர்கள் பத்தாண்டுகள் அந்தக் கட்டுரையைக் கொடியாகப் பிடித்தார்கள். ஆய்வின் பலவீனம் மிகச் சாதாரணமான இடத்தில் இருந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் இத்தகைய அமைப்புகள் மூலம் வந்தவர்கள், சிலர் அவற்றில் பொறுப்பு வகித்தவர்கள். மாறிவிட்டேன் என்று சொல்வதற்கு அவர்களுக்கு வலுவான காரணம் இருந்தது. அவர்கள் சொன்னது உண்மையா, தங்களையே ஏமாற்றிக்கொண்டதா, பொய்யா என்று சோதிக்க ஆய்வாளரிடம் வழி இல்லை. 2012இல் ஸ்பிட்சர் இதைத் தானே ஒப்புக்கொண்டு, தன்பாலீர்ப்பாளர்களிடமும், அந்த ஆய்வை நம்பி இத்தகைய சிகிச்சையில் காலத்தைச் செலவிட்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எண்பது வயதை நெருங்கும் நிலையில், உடல் நலம் குன்றியிருந்தபோது, புகழ்பெற்ற ஓர் அறிஞர் அப்படி எழுதுவது எங்கள் துறையில் அபூர்வம்.

ஸ்பிட்சர் விழுந்த அதே பள்ளத்தில்தான் ஒவ்வொரு ஆலோசனை அறையும் நாள்தோறும் விழுகிறது. எதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலரும் என்பதை உங்கள் மகன் முதல் அமர்விலேயே கண்டுகொண்டிருப்பான். மூன்றாவது மாதத்தில், இப்போது அந்த எண்ணங்கள் குறைந்திருக்கின்றன என்று அவன் சொல்லக்கூடும். ஆலோசகர் அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொள்வார். நீங்கள் நிம்மதி அடைவீர்கள். மறைப்பதற்கு அவன் கற்றுக்கொண்டுவிட்டான் என்பது மூவரில் அவனுக்கு மட்டுமே தெரியும். வெற்றி என்ற சொல்லின் பொருளும் இந்த அறைகளில் மெல்ல நழுவிக்கொண்டே போகும். தொடக்கத்தில் ஈர்ப்பு மாறும் என்பார்கள். பிறகு ஈர்ப்பு இருக்கலாம், அதன்படி நடக்காமல் இருப்பதே வெற்றி என்பார்கள். அதற்கும் பிறகு, தன்னை அப்படி அழைத்துக்கொள்ளாமல் இருப்பதே வெற்றி என்று ஆகிவிடும். 1976இல் தொடங்கி, இத்தகைய முயற்சிகளின் மிகப் பெரிய குடை அமைப்பாக விளங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013இல் தன் கதவுகளை மூடியபோது அதன் தலைவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே அவர் கூறியிருந்தார். உள்ளே இருந்தவர்களே சொன்னதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரையும் இந்தக் கடையில்தான் கிடைக்கும். அதில் எதுவும் அறியாத மூன்றாவது மனிதர் ஒருவருடைய வாழ்வும் சேர்த்துப் பணயம் வைக்கப்படுகிறது.

இனி கெடுதலைப் பற்றி. மற்ற எந்தச் சிகிச்சையும் பலிக்காவிட்டால் மருந்தைக் குறை சொல்வோம், மருத்துவரை மாற்றுவோம். இங்கு மட்டும் தோல்விக்கு நோயாளி பொறுப்பாக்கப்படுகிறார். போதிய மன உறுதி இல்லை, முழு மனத்தோடு ஒத்துழைக்கவில்லை, ஏதோ ஒரு பழைய காயத்தை இன்னும் ஒளித்துவைத்திருக்கிறாய் என்று சொல்லப்படும்போது, மாற முடியாத ஒன்றை மாற்ற முடியாததற்காக அந்த இளைஞன் தன்னையே தண்டித்துக்கொள்ளத் தொடங்குகிறான். இரண்டாவது கெடுதல், அவன் தன் உணர்வுகளைத் தானே கண்காணிக்கப் பழகிவிடுவது. தெருவில் யாரைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், குரல் எப்படி இருந்தது, கை எப்படி அசைந்தது என்று ஒவ்வொரு கணமும் தன்னைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம், சிகிச்சை நின்று பல ஆண்டுகள் கழிந்த பிறகும் போவதில்லை. காதலிக்கத் தகுந்த ஒருவர் வாழ்வில் வந்த பிறகும், நெருக்கம் ஏற்படும் தருணத்தில் குமட்டலும் பதற்றமும் வருகிறது என்று சொல்லி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் வாந்தி ஊசி போடப்படவில்லை, எல்லோரும் பேச்சு மட்டுமே கேட்டவர்கள். மூன்றாவது கெடுதல் வெளியே தெரியாதது. உண்மையான மனச்சோர்வோ பதற்ற நோயோ வரும்போது உதவி தேடிப் போக அவர்களுக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் ஆலோசனை அறை என்றாலே அவர்களுக்கு அந்தப் பழைய அறைதான். நானும் இதில் குற்றமற்றவன் இல்லை. தொழிலின் தொடக்க ஆண்டுகளில், பெற்றோரோடு வந்த ஓர் இளைஞனை மாற்ற முயலவில்லை என்றாலும், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம், படிப்பில் கவனம் செலுத்து என்று சொல்லி அனுப்பினேன். அது நடுநிலை என்று அப்போது நினைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தவன், நீங்களும் காத்திருக்கத்தான் சொன்னீர்கள், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்று புரிந்துவிட்டது என்றான்.

எண்களைப் பார்ப்போம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009இல் 83 ஆய்வுகளைப் பரிசீலித்து, மாற்றும் முயற்சிகள் பலிப்பதற்கான நம்பத்தகுந்த சான்று இல்லை என்றும் கெடுதலுக்கான வாய்ப்பு இருக்கிறது என்றும் முடிவு செய்தது. உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான ஆய்வு கேட்லின் ரயனும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. 21 முதல் 25 வயது வரையுள்ள 245 பேரிடம், பதின்ம வயதில் தங்களை மாற்ற யாராவது முயன்றார்களா என்று கேட்டார்கள். யாரும் முயலாதவர்களில் 22 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பெற்றோர் வீட்டிலேயே முயன்றவர்களில் அது 48 சதவீதம். பெற்றோரும் முயன்று, ஆலோசகரிடமோ சமயத் தலைவரிடமோ அனுப்பவும் செய்தவர்களில் 63 சதவீதம். அவர்களில் யாரையும் மருத்துவமனையில் கட்டிவைத்து மின்சாரம் பாய்ச்சவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, ஆய்வு அந்த அளவுக்குப் பிரித்துக் கேட்கவில்லை. ஆனால் வீட்டிலேயே, பெற்றோரின் சொல்லாலேயே நடந்த முயற்சிகளிலும் எண் இரட்டிப்பாகிறது என்பதைக் கவனியுங்கள். பெற்றோரின் அன்பு குறைந்ததால் இது நடந்தது என்று நான் நினைக்கவில்லை. அன்புள்ளவர்கள்தான் பெரும்பாலும் முயல்கிறார்கள்.

இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இவை, நடந்து முடிந்ததை நினைவிலிருந்து சொல்லும்படி கேட்டுப் பெற்றவை. ஒரு காலப் புள்ளியில் எடுக்கப்பட்டவை. ஏற்கெனவே அதிகமான துயரத்தில் இருந்தவர்களே இத்தகைய சிகிச்சைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். கண்டிப்பு மிகுந்த குடும்பச் சூழலே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். தற்கொலை முயற்சி சிகிச்சைக்கு முன்பா பின்பா என்பது பல ஆய்வுகளில் தெளிவாக இல்லை. ஆகவே 22க்கும் 63க்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் சிகிச்சையின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஒரு குழுவுக்குச் சிகிச்சை கொடுத்து மற்றொரு குழுவுக்குக் கொடுக்காமல் சோதித்துப் பார்த்தால் இது தீரும். ஆனால் தீங்கு நேரும் என்று நினைக்க இவ்வளவு காரணம் இருக்கும்போது அப்படி ஒரு சோதனைக்கு எந்த அறநெறிக் குழுவும் அனுமதி தராது. எனினும் வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு மக்களிடம் கேட்டபோதும் முடிவுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. மருத்துவத்தில் சான்று காட்ட வேண்டிய பொறுப்பு சிகிச்சையை விற்பவருடையது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பலன் இருப்பதற்குச் சான்று இல்லை, கெடுதல் இருப்பதற்கு முழுமையற்ற ஆனால் கணிசமான சான்று இருக்கிறது என்ற நிலையில் உள்ள ஒரு மாத்திரையை எந்த மருத்துவரும் உங்கள் மகனுக்கு எழுதித் தர மாட்டார்.

இன்னும் தெளிவாகாத விஷயம் ஈர்ப்பு எதனால் வருகிறது என்பது. 2019இல் வெளியான, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வு, தன்பாலீர்ப்புக்கு என்று தனியொரு மரபணு இல்லை, பல மரபணுக்கள் சிறு சிறு அளவில் பங்களிக்கின்றன, ஆனால் மரபணுவை வைத்து எவருடைய ஈர்ப்பையும் முன்னறிந்து சொல்ல முடியாது என்று காட்டியது. பிறவியிலேயே முற்றாகத் தீர்மானிக்கப்பட்டது என்று சிலர் உறுதியாகச் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். சொல்லத் தேவையும் இல்லை. தாய்மொழி பிறவியில் வருவதில்லை, ஆனால் ஆறு மாத ஆலோசனையில் அதை அழிக்கவும் முடியாது. சிலருக்கு, குறிப்பாகப் பெண்களில் சிலருக்கு, ஈர்ப்பு காலப்போக்கில் தானாகவே நகர்வதும் உண்டு. லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் பெண்கள் பலரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து சந்தித்து இதைப் பதிவு செய்திருக்கிறார். அதைக் காட்டி, பார்த்தீர்களா மாறுகிறதே என்று சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தானாக நகர்வது வேறு, ஒருவர் விரும்பும் திசைக்கு இன்னொருவர் தள்ளுவது வேறு. இந்த வேறுபாட்டை அந்த ஆய்வாளரே வலியுறுத்திச் சொல்லியிருக்கிறார்.

பாலின அடையாளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால் சுருக்கமாகவே தொடுகிறேன். அமெரிக்காவில் 27,000க்கும் மேற்பட்ட திருநர்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரையும் மாற்றும் முயற்சிக்கும் தற்கொலை முயற்சிக்கும் வலுவான தொடர்பைக் காட்டியது. மேலே சொன்ன வரம்புகள் அதற்கும் பொருந்தும். சிறாருக்கு எந்த மருத்துவ உதவியை எந்த வயதில் தருவது என்பதில் வல்லுநர்களிடையே இன்று உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் அந்த விவாதம் கன்வர்ஷன் தெரபிக்கு ஆதரவாகாது. திறந்த மனத்தோடு ஒருவரைப் பேசவிட்டுக் கேட்பதற்கும், பதிலை முன்பே எழுதிவைத்துக்கொண்டு அவரை அதற்கு அழைத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு அங்கும் இதே வேறுபாடுதான்.

அவனே மாற விரும்பினால் என்ன செய்வது என்றும் நீங்கள் நினைக்கலாம். வயது வந்த பலர் அப்படிக் கேட்டுக்கொண்டே என்னிடம் வருகிறார்கள், அவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. மாறினால் வாழ்வில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். அம்மா அழ மாட்டார், தனியாகச் சாக வேண்டியிராது, கடவுள் என்னைக் கைவிட மாட்டார் என்று பதில் வரும். இவை ஒவ்வொன்றைப் பற்றியும் செய்ய வேண்டிய வேலை உண்மையிலேயே இருக்கிறது, அதில் உதவ எங்களுக்குத் தெரியும். ஈர்ப்பை மாற்றுவது மட்டும் எங்களுக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்பவர்களுக்கும் தெரியாது.

சட்டம் பற்றி ஒரு பத்தி. மால்டா 2016இல் இதைத் தடை செய்தது. ஜெர்மனி 2020இல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் செய்வதைத் தடுத்தது. கனடா, பிரான்ஸ், நியூசிலாந்து ஆகியவற்றில் 2022இல் தடைச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. நியூ ஜெர்சியில் 2015இல் ஜூரிகள் இத்தகைய ஓர் அமைப்பை நுகர்வோர் மோசடிக்குப் பொறுப்பாக்கினார்கள். விற்ற சரக்கு வேலை செய்யாது என்பதே அந்த வழக்கின் அடிப்படை, எனக்கு அது மிகப் பொருத்தமான கோணமாகத் தோன்றியது. இந்தியாவில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. சமுதாயத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பதிவு பெற்ற மருத்துவர்களை ஆணையம் கட்டுப்படுத்தும்; எந்தப் பதிவும் இல்லாமல் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொண்டவர்களிடம் அதன் கை நீள்வது கடினம், அவர்கள்தான் இன்று இதை அதிகம் செய்கிறார்கள் என்பது என் அனுமானம்.

ஆகவே நடைமுறைக்கு வருகிறேன். என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அந்த ஆலோசகரிடமே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் மகனுக்கு நீங்கள் கண்டறிந்திருக்கும் நோயின் பெயர் என்ன. ஆறு மாதம் கழித்து அவன் மாறிவிட்டான் என்பதை, அவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதை வைத்து அறிவீர்கள். மாறவில்லை என்றால் யாருடைய தவறு என்று அவனிடம் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும். உங்களுக்குள் இருக்கும் அதிர்ச்சிக்கும் பயத்துக்கும் நிச்சயமாக உதவி வேண்டும், ஆனால் அதற்கான அமர்வு உங்களுடையது, அவனுடையது இல்லை. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரை நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். மகனுக்குத் தூக்கம் கெட்டிருந்தாலோ, சாப்பாடு குறைந்திருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தாலோ, அவனிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. இருக்கிறது என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், ஈர்ப்புக்காக அல்ல, அந்த எண்ணத்துக்காக.

மூன்றாவது அமர்வை ரத்து செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். நீங்கள் பேசாவிட்டால், இரண்டே அமர்வில் கைவிடப்பட்ட நோயாளி என்று அவன் தன்னை நினைத்துக்கொள்ளக்கூடும், அல்லது இன்னொரு ஆலோசகரைத் தேடுகிறீர்கள் என்று பயந்துகொண்டே இருப்பான். அந்த இடத்துக்கு அனுப்பியது எங்கள் தவறு, நீ வர மறுத்தது சரி, இனி உன்னை எங்கும் மாற்ற அனுப்ப மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டதாகப் பாசாங்கு செய்ய வேண்டாம். எங்களுக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும் என்றும் சேர்த்துச் சொல்லலாம். அதன் பிறகு அந்த இரண்டு அமர்வுகளிலும் என்ன நடந்தது என்று அவன் சொல்ல முன்வந்தால், இடைமறிக்காமல் முழுவதையும் கேளுங்கள்.